மூடியைத் திறப்பதற்கு முன்

ஏர்பேடு என்றவுடன் நம் தோழர்களின் நினைவுக்கு வருவது 2017 ஏப்ரல் 21ஆம் நாள். சுவர்ணமுகி ஆற்று மணல் கொள்ளையை எதிர்த்து முனகலபாளையம் கிராம விவசாயிகள் அன்று ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் கூடியிருந்தனர். அக்கூட்டத்தின் மேல் லாரி ஒன்று பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர். அந்த ஊரை இன்று நாம் நினைவுகூர்வது வேறொரு பொருள் குறித்து. அது பேரணிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் எளிதில் தலைப்பாகாத பொருள். அடுக்களையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் வெளியேறும் நீர் எங்கே போகிறது, அது தேங்கி அடைத்துக்கொள்ளும்போது அதை எடுத்துவிடுவது யார் என்பதே அப்பொருள்.

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையில் அமைந்த இவ்வூரின் எல்லையில் ஒன்றிய அரசின் இரு பெரும் கல்வி நிறுவனங்கள் எழுந்துள்ளன. ஐ.ஐ.டி.யும் ஐசரும் 2015இல் திருப்பதிக்கென அறிவிக்கப்பட்டு, பின்னர் ஏர்பேடு மண்டலத்தில் நிலைபெற்றன. அவற்றைச் சுற்றி வாடகை வீடுகளும் விடுதிகளும் உணவகங்களும் பெருகிவருகின்றன. ஊரோ ஊராட்சியாகவே இருக்கிறது. ஊராட்சிகளில் பாதாளச் சாக்கடை என்பது அரிது. தெருவோரத்தில் சிமெண்டு பூசிய திறந்த சாக்கடை ஒன்று ஓடும். வீட்டின் பின்புறம் உறை இறக்கிய குழியோ செப்டிக் டேங்கோ இருக்கும். ஏர்பேட்டுக்கு மட்டும் உரிய நிலைமை அன்று இது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும், எல்லைக்கு இப்பால் திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும், நம் வாசகர்களுள் பெரும்பாலோர் குடியிருக்கும் ஒவ்வொரு சிற்றூரிலும் இதுவே நிலைமை. எனவே கீழே எழுதப்படுவது பிறர் வீட்டுக் கதையன்று.

2018 பிப்ரவரி 16ஆம் நாள், அன்றைய ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பாலமநேர் மண்டலம் மோரம் கிராமத்தில், தனியார் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றின் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுமுட்டி மாண்டனர். முதலில் இறங்கியவர்கள் மயங்கி விழ, அவர்களைக் காக்க இறங்கியவர்களும் வீழ்ந்தனர். ஒரே தொட்டியில் ஏழு உயிர்கள். அது மாநகரத்துப் பாதாளச் சாக்கடை அன்று. உள்ளாட்சி அமைப்பு ஏலம் விட்ட வேலையும் அன்று. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், மதிற்சுவருக்குள், தனியார் ஒருவரின் நிலத்தில் இருந்த தொட்டி. அதை நகராட்சிப் பொறியாளர் எவரும் பார்வையிட வேண்டியதில்லை. தொழிற்சாலை ஆய்வாளரின் கண்ணுக்கும் அது தப்பிவிடும். சட்டத்தின் கை அங்கே எட்டுவதற்குள் உடல்கள் மேலே வந்துவிட்டன.

அதற்கு மறு ஆண்டு, 2019 மார்ச் மாத இறுதியில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஆறு பேர் இவ்வாறே இறந்தனர். அங்கே மாண்டோருள் அக்குடியிருப்பின் உரிமையாளரும் அவருடைய மைந்தர் இருவரும் அடங்குவர். கூலிக்கு இறங்குபவன் மட்டுமே சாவான் என்று எண்ணியிருப்பவர்களுக்கு அந்நிகழ்ச்சி போதிய மறுமொழி. ஆயினும் இதை வைத்துக்கொண்டு குழிக்கு முன் அனைவரும் சமம் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. துப்புரவுப் பணியாளருக்கென வகுத்துள்ள ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசே எடுத்த கணக்கில், பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வேலை செய்வோருள் நூற்றுக்கு 92 பேர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆவர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டு நகராட்சிகளில் தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் ஏந்திய அருந்ததியர் குடும்பங்களுள் பல, வீட்டில் தெலுங்கு பேசுபவை என்பதையும் நாம் மறக்கலாகாது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. திருத்தணி 1960இல் இப்பக்கம் வந்தது. குழிக்குள் இறங்குபவரின் சாதியை மட்டும் எந்த எல்லை ஆணையமும் தொடவில்லை.

குழிக்குள் நிகழ்வது என்ன என்பதை ஒவ்வொரு தோழரும் அறிந்திருக்க வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் மலமும் கழிவும் அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஐதரசன் சல்பைடு ஆகியவை உண்டாகின்றன. இவற்றுள் கொடியது மூன்றாவது. அது காற்றைவிடக் கனமானது. ஆதலால் அடியில் படிந்து கிடக்கும். சிறிதளவே இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடிவிட்டால் முகரும் புலனையே அது மரக்கச் செய்துவிடுகிறது. அப்போது நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். ‘வாசனை போய்விட்டது, இனி இறங்கலாம்’ என்று மேலே நிற்பவர் சொல்லும் அந்தக் கணம்தான் மிகுந்த ஆபத்துடையது. செறிவு இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். இறங்கிய மனிதன் கூச்சலிடுவதில்லை, கை அசைப்பதுமில்லை. மேலே இருப்பவர் அவன் வழுக்கி விழுந்தான் என்று நினைத்துத் தாமும் குதிக்கிறார். மோரத்தில் ஏழு பேர் என்பதன் விளக்கம் இதுவே. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது போன்ற பழைய வழக்கங்கள் மீத்தேன் நிரம்பிய குழியில் வெடிப்பையே உண்டாக்கும். முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வதால் எவ்வித வாயுவும் தடைப்படாது.

2015 நவம்பர் 26ஆம் நாள் கோழிக்கோட்டில் இதே காட்சி நிகழ்ந்தது. பாதாளச் சாக்கடையில் இறங்கிய இருவரும் ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தொழிலாளர்கள். அவர்களைக் காக்கக் குதித்த மூன்றாமவர் அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர். அவர் அவ்விருவரையும் அறியாதவர்.  மூவரும் மாண்டனர். அந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு அரசு உதவி வழங்கியதற்கும் மத வண்ணம் பூச முயன்றவர்கள் உண்டு என்பதைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் முதற் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. ஏட்டில் இருந்த அச்சட்டத்தை நடப்பில் கொண்டுவரத் துப்புரவுப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அவ்வியக்கத்தின் பெஜவாடா வில்சன் பிறந்த கோலார் தங்கவயல், பாலமநேருக்கு மேற்கே மாநில எல்லையைக் கடந்தால் வெகு தொலைவில் இல்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் வலிமையோடு விளங்கிய நகரியம் அது. செங்கொடி உயரப் பறந்த ஊர். அங்கேயே உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளியோரின் துயரம் ஒரு துப்புரவுக் குடும்பத்தின் பிள்ளை எழுந்து கேட்கும்வரை பெரிய கோரிக்கையாக உருப்பெறவில்லை என்பது நமக்கும் ஒரு பாடம். அவ்வியக்கத்துக்குத் துணைநின்ற எஸ்.ஆர். சங்கரன் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. நிருபேன் சக்ரவர்த்தி தலைமையிலான இடது முன்னணி அரசின் காலத்தில் திரிபுராவின் தலைமைச் செயலராகவும் இருந்தவர்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடத்தோடு நில்லாமல் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளடக்கியது. ‘அபாயகரமான துப்புரவு’ வேலையில் எவரையும் அமர்த்தலாகாது என அதன் 7ஆம் பிரிவு தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் பிணையில் விடத்தகாதது. இத்தனை இருந்தும் வழக்குகள் பெரும்பாலும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த பிரிவோடு முடிந்துபோகின்றன.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் நீண்டகாலம் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒரு சொல் குறித்து எழுத வேண்டியுள்ளது. சட்டம் ‘கையால் மலம் அள்ளுதல்’ என்பதையும் ‘அபாயகரமான துப்புரவு’ என்பதையும் இரு வேறு தொடர்களாக வரையறுக்கிறது. இரண்டாவது தொடரின் வரையறைப்படி, பாதுகாப்புக் கருவிகள் தராமல் இறக்கினால்தான் அது அபாயகரமானது. கருவி தந்து இறக்கினால் அந்த வரையறைக்குள் வராது. இந்த இடுக்கின் வழியே அரசாங்கமே நழுவியது. கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அமைச்சர் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் பதில் கூறினார். அதே அரசு, 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமான துப்புரவின்போது 377 பேர் இறந்ததாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சொல்லை மாற்றிப் போட்டால் பிணங்கள் ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணைக்கு நகர்ந்துவிடுகின்றன. நமது ஏடுகளில் ‘மலக்குழி மரணம்’ என்று எழுதுகிறோமே, அது கடுமையாக ஒலிக்கிறது என்று குறைகூறுவோர் உண்டு. கடுமையாக ஒலிக்கட்டும். ‘மேன்ஹோல்’ என்ற சொல்லுக்குக் கலைச்சொல்லாக ‘ஆளிறங்கு குழி’ என்று ஒரு காலத்தில் நாமும் எழுதியதுண்டு. ஆள் இறங்குவதே அதன் இயல்பு என்பதுபோல் ஒரு சொல்லை ஆக்கிவைத்தோம். அதைக் கைவிடுவது நலம்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27ஆம் நாள் அளித்த தீர்ப்பில், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. அவசர நிலையிலும் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது குற்றம் என்றது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை துப்புரவு செய்வதை நிறுத்த ஆணை பிறந்தது. வரவேற்க வேண்டிய ஆணைதான். எனினும் அந்தப் பட்டியலில் மோரம் இல்லை, நெமிலி இல்லை, ஏர்பேடும் இல்லை. 2017இல் வந்த மலக்கசடு மேலாண்மைத் தேசியக் கொள்கையும் நகர்ப்புறத்துக்கென எழுதப்பட்டதே. நகரத்துக்கு எந்திரம், கிராமத்துக்கு மனிதன் என்ற பாகுபாடு இவ்வாறு உருவாகிறது. ஐதராபாத் குடிநீர் வாரியம் குறுகிய சந்துகளிலும் நுழையும் சிறிய அழுத்தநீர் வண்டிகளை 2017இல் இறக்கியது. தில்லி 2019இல் அவ்வழியைப் பின்பற்றி 200 வண்டிகளை இயக்கியது. கேரளத்து இளம் பொறியாளர்கள் மாநில அரசின் ஆதரவோடு 2018இல் குழிக்குள் இறங்கும் ரோபோவை உருவாக்கினர். செய்ய இயலும் என்பது எப்போதோ மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

இதுவரை எழுதியவை அரசை நோக்கியவை. நம்மை நோக்கியும் எழுதியாக வேண்டும். கட்சி உறுப்பினர் வீட்டிலும் குழி உண்டு. அது நிரம்பும்போது அவரும் யாரையோ அழைக்கிறார். அழைக்கப்படுபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவருக்கு எவ்வாறு கூலி பேசப்படுகிறது, வேலைக்கு முன் அவருக்கு மது வாங்கித் தரப்படுகிறதா என்பவை கிளைக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றதை நாம் கண்டதில்லை.

குழிச் சாவு மூடியைத் திறக்கும் நாளில் தொடங்குவதில்லை. பல ஆண்டுகளாகத் திறக்காமல் விட்டதில் தொடங்குகிறது. செப்டிக் டேங்கை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுத்துவிட வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். நம் ஊர்களில் ‘நிரம்பினால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே வழக்கம். வேண்டிய அளவினும் பெரிதாகக் கட்டிவிட்டால் இருபது ஆண்டு கவலையில்லை என்று கொத்தனாரும் சொல்கிறார், வீட்டுக்காரரும் மகிழ்கிறார். அந்த இருபது ஆண்டில் கசடு அடியில் கெட்டிப்பட்டுவிடுகிறது. லாரியின் குழாய் அதை உறிஞ்சுவதில்லை. அப்போதுதான் ‘ஓர் ஆளை இறக்கிக் கிளறிவிட்டால் வந்துவிடும்’ என்ற பேச்சு எழுகிறது. உரிய காலத்தில் எடுத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டைப் பெருக்கிக் கட்டும்போது தொட்டியின் மேல் திண்ணையோ படிக்கட்டோ கட்டி மூடியை மறைத்துவிடுவதும் பரவலாக நடக்கிறது. லாரிக் குழாய் எட்டும் இடத்தில், தொட்டியின் ஒவ்வோர் அறைக்கும் மூடி இருக்க வேண்டும்.

தூய்மை பாரதத் திட்டத்தில் கிராமங்களுக்கெனப் பரிந்துரைக்கப்பட்ட இரட்டைக்குழி முறை நல்லதொரு முறை. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் உள்ளது சுமார் ஈராண்டில் நாற்றமற்ற எருவாக மாறிவிடும். அதை எவரும், ஆம், வீட்டுக்காரரே, மண்வெட்டியால் எடுத்து வயலில் இடலாம். ஆயினும் ‘இன்னாரின் மலத்தை நான் அள்ளுவதா’ என்ற சாதி அருவருப்பினால் பலர் அம்முறையை விடுத்து ஆழமான ஒற்றைக் குழியையே தோண்டினர். ஆழம் கூடினால் குழி அடிக்கடி நிரம்பாது, வேறொருவரைத் தேட வேண்டிய நாள் தள்ளிப்போகும் என்ற கணக்கு. குழியின் ஆழத்தையே சாதிதான் அளந்து தந்தது.

அன்றாட அடைப்புகளைப் பொறுத்தவரை பெரும்பாலானவை அடுக்களையில் பிறக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் குழாயின் உட்புறத்தில் படிந்து இறுகுகின்றன. கழிவறையில் துணி, நாப்கின், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைப் போடுவதால் மீதி அடைப்பு. குழாய் திரும்பும் ஒவ்வோரிடத்திலும் ஒரு சேம்பர் வைத்து, போதிய சரிவும் கொடுத்துக் கட்டியிருந்தால், மேலே நின்றபடியே மூங்கில் பிளாச்சாலோ சுருள் கம்பியாலோ அடைப்பை எடுத்துவிடலாம். அதை வீட்டில் இருப்பவரே செய்யலாம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊற்றினால் விரைவில் தீரும் என்று நம்புவோர் உள்ளனர். அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அடைப்பை எடுக்க அடுத்த நாள் வருபவரின் கையும் கண்ணும் வெந்துபோகும். ஆசிட் ஊற்றியதை அவரிடம் எவரும் சொல்வதுமில்லை.

தெருச் சாக்கடையின் நிலை வேறு. வீட்டுக்கு வீடு குழாய்நீர் தரப்படுகிறது. வந்த நீர் வெளியேற வழி வகுக்கப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஓடையும் சாக்கடையும் ஒன்றாகின்றன. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதி நகரத் தெருக்கள் ஆறுகளாக ஓடியதைக் கண்டோம். வெள்ளம் வடிந்த பின் சேற்றை வாரியவர்களை எந்தத் தொலைக்காட்சியும் நெடுநேரம் காட்டவில்லை. ஊராட்சிகளில் அவர்களுக்கு ‘கிரீன் அம்பாசிடர்’ என்று பெயர் சூட்டினார்கள். தூதர் என்று பட்டம் தந்தவர்கள் பணி நிரந்தரம் தரவில்லை. ஆந்திர நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் 2023 டிசம்பர் 26 முதல் இரு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து சில கோரிக்கைகளை வென்றனர். ஊராட்சித் தொழிலாளர்கள் சிதறிக் கிடப்பதால் அத்தகைய வலிமையை இன்னும் பெறவில்லை. ஓர் ஊருக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று இருப்பவர்களை மண்டல அளவில் ஒன்றுசேர்ப்பது சங்கத் தோழர்களின் உடனடிப் பணியாக வேண்டும்.

ஊராட்சியிடம் பணம் இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. 15ஆவது நிதி ஆணையம் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டுண்ட நிதி. அதில் பாதி துப்புரவுக்கு. ஒரு தனி ஊராட்சி கசடு உறிஞ்சும் லாரி வாங்க இயலாது என்பது உண்மை. பல ஊராட்சிகள் சேர்ந்து மண்டலத்துக்கு ஒன்று வாங்கி, குறைந்த கட்டணத்தில் இயக்க இயலும். இன்று தனியார் லாரிகள் கேட்ட கட்டணத்தைத் தர இயலாத ஏழை வீட்டுக்காரரே மலிவான கூலிக்கு ஆளைத் தேடுகிறார். அவரைக் குற்றவாளி என்று சுட்டுவதோடு நம் கடமை தீராது. ஊராட்சி லாரி வந்தால் அவரும் ஆளை இறக்கமாட்டார். உறிஞ்சிய கசட்டை இரவோடிரவாக ஏரியிலும் சுவர்ணமுகிக் கரையிலும் கொட்டுவதைத் தடுக்கவும் அதுவே வழி.

எனவே கிளைகள் அடுத்த கிராம சபைக்கு முன்பாகத் தம் ஊராட்சியின் கட்டுண்ட நிதிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற வேண்டும். துப்புரவுப் பங்கு எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்று சபையில் கேட்க வேண்டும். மண்டல லாரிக்கான தீர்மானத்தை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். 1993க்குப் பின் தம் பகுதியில் குழியில் மாண்டோர் எவரேனும் உளரா, அவர்தம் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்ததா என்று முதியோரிடம் விசாரித்துப் பட்டியல் எடுக்க வேண்டும். தனியார் வீட்டில் நேர்ந்த சாவும் அப்பட்டியலில் சேரும். இனி எங்கேனும் இத்தகைய சாவு நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதியினராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்படும்வரை தோழர்கள் காவல் நிலையத்தை விட்டு அகலலாகாது. அறிக்கையின் நகலைக் குடும்பத்தாருக்குப் பெற்றுத் தந்து, மற்றொரு நகலை மாவட்டக் குழு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.